விதை உதிரும் முன்

பெனி மெல்லால்
14 ஏப்ரல் 1992

தம்பி மோஹாவுக்கு,

ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. போதும்.

ஸலாம். நீயும் ராப்ஹாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். என் உடம்பைக் கேட்டால், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கோபம் அதைவிட ஏறியிருக்கிறது.

ஊர்ச்சபையில் என்ன நடந்தது என்பது உனக்கு மறந்திருக்காது. மலை மேய்ச்சலை முன்னதாகத் திறந்தது தவறு, அரசு அலுவலகத்தின் உத்தரவை எதிர்த்து மனுக் கொடுப்போம் என்று எழுந்து நின்று சொன்னேன். நகரத்தில் குடியிருப்பவனுக்குப் புல்லைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது உன் கையும் உயர்ந்தது. அன்றோடு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வருடாவருடம் நீ அனுப்பும் அக்ரூட் மூட்டையைப் பள்ளிக்கூடக் காவலாளியிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த மரத்தில் பாதி என்னுடையது. என் பங்கை எனக்கே தானமாக அனுப்புகிறாய்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு நான் வந்தது இட்டோ அக்காவுக்காக. "ஏன்டா பஸ்ஸு, தம்பி மேல கோவம்னா அக்கா வீட்டு ரொட்டியும் கசக்குமா?" என்று ஆள் அனுப்பியிருந்தாள். பெருநாளுக்கு மறுநாள் நீ சந்தைக்குப் போயிருந்தபோது அவள்தான் என்னை மலைக்கு அழைத்துப் போனாள். இந்த வயதிலும் எனக்கு முன்னால் நடக்கிறாள்.

மோஹா, நான் இருபத்தாறு வருடமாக இயற்கை அறிவியல் சொல்லிக்கொடுப்பவன். பனி உருகியதும் ஈரத்தில் பச்சை கட்டியிருக்க வேண்டிய சரிவு அது. நாம் சிறுவர்களாக இருந்தபோது கோடையில் ஆட்டுக்குட்டி உள்ளே போனால் காது மட்டும்தான் தெரியும். இப்போது அங்கே சரளைக் கல். அங்கங்கே முள் மேடு. மண்ணில் விரலால் கீறியதுபோலத் தண்ணீர் ஓடிய தடங்கள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "புல்லு கோவிச்சிட்டுப் போயிடுச்சுடா. உன்னை மாதிரியே."

இரண்டு குலங்களும் நம்பித் தேர்ந்தெடுத்த புல் தலைவன் நீ. எந்த நாளில் மேய்ச்சலை அடைப்பது, எந்த நாளில் திறப்பது என்று காவல் காப்பது உன் வேலை. உன் கண்முன்னே இது நடந்திருக்கிறது. பதில் எழுது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.
அண்ணன்
பஸ்ஸு


தகெம்மோ
9 மே 1992

மதிப்புக்குரிய அண்ணனுக்கு மோஹா எழுதுவது.

ஸலாம். உங்கள் சர்க்கரை இறங்க இறைவனிடம் கேட்கிறோம். இனிப்பு டீயைக் குறைக்கச் சொல்லி இட்டோ அக்கா சொல்கிறாள். நாங்கள் எல்லோரும் சுகம். இட்டோ அக்கா, ராப்ஹா, மூத்தவன் ஸாயித், சின்னவள் யம்னா, பெரியப்பா வீட்டார், பக்கத்து வீட்டு ஹத்தா எல்லோரும் ஸலாம் சொல்கிறார்கள்.

பட்டாளத்தில் கற்ற எழுத்து. தவறு இருந்தால் பொறுக்க வேண்டும்.

அண்ணா, நீங்கள் வந்து போனது சந்தோஷம். நான் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து மலைக்குப் போனீர்கள். அது பரவாயில்லை. மழை சரியாக இல்லை. மழை இல்லாவிட்டால் புல் எப்படி வரும்? தேதி விஷயம் மேலே இருந்து வந்தது. முத்திரை இருக்கிறது. முத்திரையோடு சண்டை போட நாம் யார்?

அக்ரூட் மரத்தில் இந்த வருடம் பூ நிறையப் பிடித்திருக்கிறது. கோவேறு கழுதை கால் நொண்டுகிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

உங்கள் தம்பி
மோஹா


பெனி மெல்லால்
20 மே 1992

தம்பி மோஹாவுக்கு,

ஸலாம். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். கோவேறு கழுதையையும் சேர்த்து.

மழை இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பா காலத்தில் மூன்று வருடம் தொடர்ந்து வானம் பொய்த்தது, நினைவிருக்கிறதா? நான்காம் வருடம் மழை வந்தது, புல்லும் வந்தது. ஏன் வந்தது? மண்ணுக்குள் விதை இருந்தது.

அடைப்பு மேய்ச்சலை மார்ச்சில் அடைத்தால் உழவர் கணக்கில் ஜூலை இருபத்தெட்டில் திறப்பது நம் வழக்கம். அலுவலக நாள்காட்டியில் அது ஆகஸ்ட் பத்து. பதிமூன்று நாள் வித்தியாசம். உத்தரவிலோ அதே ஜூலை இருபத்தெட்டு அலுவலக நாள்காட்டிப்படி இருக்கிறது. நம் முன்னோர்கள் நாள் வைத்தது சும்மா இல்லை. கதிரைப் பிடித்து உள்ளங்கையில் தேய்த்தால் மணி தானாக உதிர வேண்டும். அதற்குப் பிறகு ஆடு போனால், விதை மண்ணில் விழுந்திருக்கும், ஆட்டின் குளம்பே அதை மிதித்து மண்ணுக்குள் புதைக்கும், புழுக்கை எருவாகும். அதே குளம்பு பதிமூன்று நாள் முன்னதாகப் போனால், பால் பிடித்த கதிரைத் தின்றுவிட்டு வெறும் மண்ணை இடித்துப் பொடியாக்கும். ஆடு ஒன்றுதான். குளம்பும் ஒன்றுதான். நாள்தான் வேறு.

ஒரு வருடம் இப்படிச் செய்தால் வேர் தாங்கும். ஆறு வருடத்தில் கிழப்புல் செத்துவிடும், புதுப்புல் பிறக்காது. புல் போனால் பூ போகும். அக்காவின் தேனீக் கூடுகளில் இந்த வருடம் தேனே இல்லையே, கவனித்தாயா? வேர் இல்லாத மண் தண்ணீரைக் குடிக்காது. மேலே பெய்கிற மழை அத்தனையும் கீழே ஓடிவரும். ஓடிவந்து சேரும் இடம் எது? ஓடை வாய். ஓடை வாயில் யார் வீடு இருக்கிறது? இட்டோ அக்கா வீடு. எனக்குப் புல்லைவிட அந்த வீடுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

தேர்வு முடிந்ததும் நானே அலுவலகத்துக்குப் போகிறேன். இந்தத் தேதியை வைத்த மேதை யார் என்று முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். என்னைவிட எட்டு வயது சின்னவனைக் கல்வி ஆய்வாளர் ஆக்கிய அலுவலகங்களும் இவைபோன்றவைதான். எனக்கு இவர்கள் புதிதல்ல.

அண்ணன்
பஸ்ஸு


தகெம்மோ
15 ஜூன் 1992

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். உங்கள் பங்குக் குர்பானி இறைச்சியை அக்கா உப்புப் போட்டுக் காயவைத்திருக்கிறாள். ஆள் வரும்போது அனுப்புவாள். இட்டோ அக்கா, ராப்ஹா, ஸாயித், யம்னா, எல்லோரும் ஸலாம் சொல்கிறார்கள்.

அண்ணா, அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வெயில் கடுமை. உங்களுக்குச் சர்க்கரை. அங்கே நாற்காலிகூடப் போடமாட்டார்கள், காத்திருக்க வைப்பார்கள். போன காரியம் போனதுதான்.

அக்ரூட் மரத்தில் பாதி உங்களுடையது என்று எழுதினீர்கள். முழு மரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மனதாரச் சொல்கிறேன். சாட்சி வைத்து எழுதித் தருகிறேன்.

அலுவலகம் மட்டும் வேண்டாம்.

உங்கள் தம்பி
மோஹா


பெனி மெல்லால்
2 ஜூலை 1992

மோஹாவுக்கு,

ஸலாம். இன்று நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். டீயும் கொடுத்தார்கள். மேய்ச்சல் பதிவுகளைப் பார்ப்பவர் துஹாமி என்று ஒருவர், ஓய்வுபெறும் வயது. நான் ஒரு மணி நேரம் பேசத் தயாராகிப் போயிருந்தேன். உங்களால் ஒரு மலை செத்துக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாத்தியாரே, நாங்க எங்க தேதி வெச்சோம்? நீங்க சொன்னீங்க, நாங்க முத்திரை குத்தினோம். ஆடு எப்ப திங்கணும், புல்லு எப்ப வளரணும்னு எனக்கென்ன தெரியும்? என் வீட்ல இருக்கறது ஒரு பூனை. அதுவும் என் பேச்சைக் கேக்காது."

"ஆகஸ்ட் பத்தை ஜூலை இருபத்தெட்டா மாத்தினது யாரு?" என்றேன்.

"மாத்தலைங்க. ஜூலை இருபத்தெட்டுன்னுதான் சொன்னாங்க. நான் விடலையே. எங்க அப்பாவும் ஏர் பிடிச்சவர்தான். எந்தக் கணக்கு, உழவர் கணக்கா நம்ம கணக்கான்னு தெளிவாக் கேட்டேன். அந்த ஆளு கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அப்புறம் 'அலுவலகக் கணக்குதான்'னாரு."

"எந்த ஆளு?"

"புல் தலைவர்னு வந்தாரே. மத்தவங்கள்லாம் வெளியில டீ குடிச்சிட்டு இருந்தாங்க. இவரு மட்டும்தான் உள்ள. ஒல்லியா இருப்பாரு. எடது காது மடல்ல ஒரு கிழிசல்."

உன் காதைக் கடித்த நாயைக் கல்லால் அடித்துத் துரத்தியவன் நான். ரத்தத்தைத் துடைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்.

கையிலிருந்த டீ கால்சட்டையில் சிந்தியது. "சுட்டுடுச்சா வாத்தியாரே?" என்று அவர் கேட்டார். சுடவில்லை என்றேன். எப்படி வெளியே வந்தேன், எந்தப் பேருந்தில் ஏறினேன் என்று தெரியவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். ஆறு வருடமாக இரண்டு குலமும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறது. நானும்தான். நீ நடுவில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். என்னைப் பேசவிடாமல் செய்ய நீ ஏன் கை தூக்கினாய் என்பதும் இப்போது விளங்குகிறது.

ஏன் என்று மட்டும் எழுது.

பஸ்ஸு


தகெம்மோ
16 ஜூலை 1992

அண்ணா,

ஸலாம். இந்தக் கடிதத்தை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் நடுவில் வந்தது. எல்லோர் வீட்டிலும் கிடா எலும்பும் தோலுமாக நின்றது. வைக்கோல் தீர்ந்துவிட்டது. ஆகஸ்ட் பத்தில் திறந்தால் பெருநாள் சந்தைக்கு ஐந்து நாள்தான் இருக்கும். ஐந்து நாளில் எந்த ஆடு கொழுக்கும்? அலுவலகத்தில் அந்த மனிதர் எந்தக் கணக்கு என்று கேட்டார். சத்தியமாக அதுவரை எனக்கு அந்த எண்ணமே இல்லை. அவர் கேட்ட பிறகுதான் தோன்றியது. ஒரே வருடம், பெருநாளுக்காக, அடுத்த வருடம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

வெளியே வந்து, அரசாங்கம் முன்னதாகத் திறக்கச் சொல்கிறது என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. மேல்குலத்து அயித் உஸ்கார்க்காரர்கள்கூட "எப்பவாச்சும் ஒரு தடவை அரசாங்கத்துக்கும் புத்தி வருதுய்யா" என்று சிரித்தார்கள். கிடாக்கள் கொழுத்தன. அடுத்த வருடம் யாருக்கும் காத்திருக்க மனம் இல்லை. நான் சொல்லவும் இல்லை.

புல் தலைவன் பதவி ஏற்கும்போது வலியுல்லாஹ் மகானின் கல்லறையில் கை வைத்து ஆணையிடுகிறோம். இரண்டு குலத்துக்கும் பொய் சொல்லமாட்டேன் என்று. உங்களுக்குத் தெரியும். ஆணை தவறியவன் வீட்டுக்கு யாரும் நெருப்புக்கூடக் கொடுக்கமாட்டார்கள். யம்னாவுக்கு மேல்குலத்தில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். இது தெரிந்தால் அதுவும் போகும்.

நீங்கள் சபையில் எழுந்து நின்றீர்கள். நீங்கள் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேன். அதனால்தான் கை தூக்கினேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள். அக்காவிடமும்.

மோஹா


பெனி மெல்லால்
19 ஜூலை 1992

மோஹாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவன் எழுதியிருக்க வேண்டும் என்றே தோன்றியது.

உன்னைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்த எனக்கு ஆசை இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். ஆசை இருக்கிறது. ஆனால் பெருநாளுக்கு வந்தபோது யம்னா என்னை "பெரியப்பா" என்று கூப்பிட்டு டீ கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் என்ன செய்தாள்?

இரண்டே காரியம் செய். இருபத்தெட்டாம் தேதிக்கு முன் சபையைக் கூட்டு. காரணம் என்ன வேண்டுமானாலும் சொல். கனவு கண்டேன் என்று சொல். இந்த வருடம் பழைய கணக்குப்படி திறப்போம் என்று முடிவெடுக்கச் செய்.

இரண்டாவது, இட்டோ அக்காவை ஓடை வாயிலிருந்து உடனே கிளப்பு. ஆகஸ்ட் என்றால் மலையில் இடியும் மின்னலும் எந்த நேரமும் வரும். ஆறு வருடமாக மொட்டையாகக் கிடக்கும் சரிவு ஒரு துளியையும் நிறுத்தாது. அவள் முரண்டு பிடிப்பாள். "தேனீயை விட்டுட்டு எங்கடா வர்றது" என்பாள். கேட்காதே. நான் சொன்னேன் என்று சொல். எங்காவது மேட்டில் கொண்டுபோய் வை. எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. கீழே மட்டும் இருக்கக் கூடாது.

முதல் காரியத்தைச் செய்ய உனக்குத் தைரியம் இல்லாமல் போகலாம். இரண்டாவதற்குத் தைரியம் தேவையில்லை.

பஸ்ஸு


தகெம்மோ
4 ஆகஸ்ட் 1992

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். இட்டோ அக்கா, ராப்ஹா, ஸாயித், யம்னா ஸலாம் சொல்கிறார்கள்.

சபையைக் கூட்டினேன். பழைய கணக்குக்குப் போகலாமா என்றேன். அயித் உஸ்கார் கிழவர் ஈஷு எழுந்து, "என்னப்பா, அரசாங்கம் குடுத்ததை நீ புடுங்குறியா? உங்க அண்ணன் வந்துட்டுப் போனாருன்னு கேள்விப்பட்டோம். அவரு ஏத்திவிட்டாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அலுவலக உத்தரவை மீற முடியாது என்று முடித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி திறந்தாயிற்று.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டாவது காரியத்தைச் செய்துவிட்டேன். அக்கா இரண்டு நாள் சண்டை போட்டாள். பஸ்ஸு அண்ணன் கட்டளை என்றதும், "அந்த வாத்தியானுக்கு நான் என்னமோ மூணாம் வகுப்புப் புள்ள மாதிரி" என்று திட்டிக்கொண்டே மூட்டை கட்டினாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆறு வருடம் கழித்து நீங்கள் அவளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள் என்று ஹத்தாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஓடை வாய் வீடு பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் தம்பி
மோஹா


தகெம்மோ
12 செப்டம்பர் 1992

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் இரண்டு தந்திகளும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பாலம் போய்விட்டது. சந்தை லாரி வரவில்லை. அதனால் தாமதம்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி மலையில் பெரிய மழை பெய்தது. ஓடையில் தண்ணீர் அதிகம் வந்தது. எங்கள் மந்தையில் பாதி போயிற்று. கீழே இருந்த பார்லி வயல் முழுவதும் கல்லாகிவிட்டது. ஓடை வாய் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு மேலே இருக்கும் பெரிய பாறை தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிட்டது. சுவர்கூட நனையவில்லை. தேன்கூடுகளும் அப்படியே இருக்கின்றன.

அக்ரூட் உதிர்க்கும் நேரம் வந்துவிட்டது. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? காலில் புண் என்று தந்தியில் சொல்லியிருந்தீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

ராப்ஹா, ஸாயித், யம்னா, பெரியப்பா வீட்டார், ஹத்தா எல்லோரும் ஸலாம் சொல்கிறார்கள்.

மோஹா


பெனி மெல்லால்
16 செப்டம்பர் 1992

மோஹா,

ஸலாம் சொன்னவர்களில் இட்டோ அக்கா பெயர் இல்லை.

உன் எல்லாக் கடிதங்களிலும் அவள் பெயர்தான் முதலில் இருக்கும். இதில் தேன்கூடுகள் நலம் என்று எழுதியிருக்கிறாய். அவற்றை வைத்தவளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மறந்துவிட்டாயா என்று நினைத்துப் பார்த்தேன். மறக்கிற பெயர் இல்லை.

மருத்துவர் காலைத் தரையில் வைக்கவிடவில்லை. இல்லாவிட்டால் கோவேறு கழுதை மேல் கிடத்திக் கொண்டுபோகச் சொல்லியாவது வந்திருப்பேன். வீடு நிற்கிறது என்கிறாய். அவள் அங்கே இல்லை, மேட்டில் வைத்திருக்கிறேன் என்று நீதான் எழுதினாய்.

எந்த மேட்டில் வைத்தாய்?

பஸ்ஸு


தகெம்மோ
3 அக்டோபர் 1992

அண்ணா,

எல்லாம் இறைவனுக்குரியது. அவனிடமே திரும்புகிறோம்.

உங்களுக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று எழுதச் சொன்னாள் ராப்ஹா. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். ஒரு பொய்யே எனக்குப் போதும்.

அப்பாவின் கல் குடிசை. மேய்ச்சல் சரிவின் உச்சியில், செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கிறதே, அங்கேதான் வைத்தேன். உயரமாக வேறு எந்த இடம் இருக்கிறது? அப்பா காலத்தில் எத்தனை மழைக்கு நாம் அங்கே ஒதுங்கியிருக்கிறோம். வெளியே பேய்மழை பெய்தாலும் தண்ணீர் ஓடுகிற சத்தமே கேட்காது. புல் குடித்துவிடும். அந்த நினைப்பில் வைத்தேன்.

அன்று மதியம் நாங்கள் மந்தையில் பாதியோடு முகட்டில் இருந்தோம், மீதி சரிவில் மேய்ந்தது. அக்கா குடிசையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். புகை தெரிந்தது. மழை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சரிவு நகர்ந்தது. தண்ணீர் இல்லை அண்ணா, மண். சரிவே நடக்கிற மாதிரி போனது. ஸாயித் கத்தினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற ஈஷு கிழவர் "யா அல்லா, மலை எந்திரிச்சுப் போகுது" என்றார். நான் கீழே ஓடினேனா, எவ்வளவு நேரம் கழித்து ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் கிடைத்தாள். ஓடை வாயில். அவள் வீட்டு வாசலுக்கு எதிரே.

மேட்டில் வை என்று நீங்கள் சொன்னதால் வைத்தேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்தக் கடிதத்தில் அவள் பெயரை எழுதவில்லை. நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். சரிவை மொட்டையாக்கியவன் நான்.

அடுத்த வருடமும் இருபத்தெட்டாம் தேதிதான் திறப்பார்கள். அலுவலக உத்தரவு என்கிறார்கள். மேல்குலத்துக் குடிசைகள் இன்னும் நான்கு அந்தச் சரிவில் இருக்கின்றன. எழுந்து சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிவாசலுக்குப் போகிறேன். தொழுதுவிட்டுத் திரும்பிவருகிறேன்.

உங்கள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோஹா


பெனி மெல்லால்
20 அக்டோபர் 1992

தம்பி மோஹாவுக்கு,

ஸலாம். ராப்ஹாவுக்கும் ஸாயித்துக்கும் யம்னாவுக்கும் என் அன்பு. இறைவன் அக்காவின் கபர்க் குழியை விசாலமாக்கட்டும். புண் ஆறிவருகிறது. அடுத்த மாதம் நடக்கலாம் என்கிறார்கள்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் சில நாள் என்ன செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் விடுப்பை நீட்டிக்கக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. தலைமையாசிரியர் ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். "வாத்தியாரு என்ன, செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு" என்று அவன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

வேர் செத்த மண் ஈரம் ஏறினால் நிற்காது, மேலே இருந்துதான் கழன்று வரும் என்று கரும்பலகையில் படம் போட்டு எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் அதை வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். உனக்குக் கடிதம் எழுதும்போது தண்ணீரை மட்டும் நினைத்தேன். மண்ணை நினைக்கவில்லை. நீ பழைய மலையை நம்பி வைத்தாய். நான் புது மலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து அப்படி எழுதினேன். இதைப் பற்றி இதற்கு மேல் நாம் இருவரும் பேச வேண்டாம். பேசினால் யார் தவறு அதிகம் என்று கணக்குப் பார்ப்போம். பார்ப்பது நம் குடும்பத்துப் பழக்கம்.

நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு குலத்துச் சபைகளுக்கும். பள்ளிவாசல் இமாம் முகவரிக்கு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு அவர் சத்தமாகப் படிப்பார் என்று நினைக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று நீ முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

திறக்கும் நாளை அரசாங்கம் வைக்கவில்லை, நம் சபை சொன்ன நாள்தான் அது, உழவர் கணக்கில் சொன்ன தேதி அலுவலகக் கணக்கில் பதிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். இரண்டு சபையும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் ஒரே நாளில் மாற்றித் தருவார்கள். துஹாமிக்குத் தொலைபேசியில் பேசி அதை உறுதி செய்துகொண்டேன். சரிவைக் குறைந்தது மூன்று வருடம் முழுதாக அடைத்துவைக்க வேண்டும், மீதமுள்ள நான்கு குடிசைகளையும் பனி உருகுவதற்குள் காலிசெய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். விறகுக்கு முள் புதரை வெட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். ஆடு வாய் வைக்க முடியாத அந்த முள்ளுக்கு நடுவில்தான் மிச்சமிருக்கும் புல் ஒளிந்து விதை போட்டுக்கொண்டிருக்கும். அதை விட்டால் அந்த மலையில் வேறு விதை கிடையாது.

கணக்கு மாறியது என்று எழுதியிருக்கிறேன். யார் மாற்றியது என்று எழுதவில்லை. நீயாக எழுந்து சொன்னால் அது நீ கல்லறையில் இட்ட ஆணைக்கும் உனக்கும் உள்ள விஷயம். நான் உன் கையைப் பிடித்துத் தூக்கமாட்டேன்.

எல்லாம் எழுதி முடித்து, கீழே பெயர் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். எவ்வளவு ஆசை என்று உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இவன் அன்றைக்கே சொன்னான், நாம்தான் வாயை அடைத்தோம் என்று ஈஷு கிழவர் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவனும் வெட்கப்பட வேண்டும். ஆறு வருடமாக இந்த ஒரு காட்சியை நினைத்துக்கொண்டுதான் கோபத்தைச் சோறுபோட்டு வளர்த்தேன்.

பெயர் போட்டால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். நகரத்தானுக்குப் பேச உரிமை இல்லை என்று பாதியில் நிறுத்துவார்கள். அல்லது, அண்ணனுக்குத் தம்பி மேல் பகை என்பார்கள். அப்புறம் யாராவது ஒருவன், இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அந்தக் கேள்வி நேராக உன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். புல்லை மறந்துவிடுவார்கள். நம் இருவரைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அடுத்த ஜூலையில் மேய்ச்சல் திறக்கும், சரிவில் குடிசைகளில் புகை வரும்.

பேனாவை மூடிவிட்டேன். நாளைக் காலை, மருத்துவர் என்ன சொன்னாலும், காவலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே தபால் நிலையம் வரை நடந்து போய், அந்தக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் போட்டுவிட்டு வருகிறேன்.